காணாமல் போன எட்டாம் துண்டு

கடைசித் துண்டு வந்து இறங்கவும், கீழே பட்டறையில் சாப்பாட்டு நேரம் முடிந்து வெல்டிங் மறுபடி பிடிக்கவும் சரியாக இருந்தது. கீழே பொறி பறந்தது. மாடியில் நெட் செத்தது.

“தப்பிச்சோம்ங்ணா,” என்றாள் தனப்பிரியா. “இன்னுஞ் சித்த நேரம் போயிருந்தா இதுவும் அரைப் பொணமாத்தான் வந்துருக்கும்.”

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்கு மேலே இருந்தது சென்னிமலை என்பவரின் துப்பறியும் நிலையம். நிலையம் என்று போர்டில்தான் இருந்தது. உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மடிக்கணினி. காணாமல் போன லாரி, வழியில் இறக்கி விற்ற லோடு, சொல்லாமல் ஓடிப்போன கிளீனர், இவற்றைத் தேடித் தேடியே சென்னிமலைக்கு முடி நரைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தனப்பிரியாவினுடையது. பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள், மேலதிகாரியை நாலு பேர் முன்னால் கேலி செய்துவிட்டு ஊர் திரும்பியவள். வாயை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை.

மூன்றாவது நாற்காலியில் அகல்யா உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் வருகிறாள். வந்து உட்கார்ந்தால் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக் கதவைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவள் புருஷன் சரவணக்குமார் லாரி டிரைவர். போன ஐப்பசியில் நாமக்கல்லில் கோழித்தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போனான். அன்றைக்குத்தான் ஆட்டையாம்பட்டிப் பாதையில், தறி வேலை முடித்து நடந்து வீட்டுக்குப் போன அங்கம்மாள் என்கிற பெண்ணை ஒரு லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தம்மா அங்கேயே செத்துப்போனாள். கூண்டின் நிறத்தைப் பார்த்த ஒருவன் சொன்ன சாட்சியை வைத்துப் போலீஸ் சரவணக்குமார்மேல் வழக்குப் போட்டது. “நான் பெரிய ரோட்டுலதான் போனேன். அந்தப் பாதைக்கே போகல” என்று அவன் சொன்னான். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். சேலம் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. அவன் இப்போது வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான்.

அவன் போன வழிக்குச் சாட்சி ஒன்று இருந்தது. லாரியில் ஜி.பி.எஸ். பெட்டி உண்டு. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் லாரி ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் பதிவாகும். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன் ஜெகதீஸ்வரன், அகல்யாவின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி சாகக் கிடந்த சமயத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். அதன் வயிற்றில் இருந்ததையெல்லாம் அப்படியே ஒரே கோப்பாகச் சுருட்டினான். டிஸ்க் இமேஜ் என்பார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி நெட்டில் ஏற்றி, முகவரியையும் கடவுச்சொல்லையும் தங்கையிடம் கொடுத்தான். மாசியில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தான். பழைய பெட்டியும் புகைந்து போனது.

அந்தத் துண்டுகளை இறக்கி, வரிசையாக ஒட்டி, மடிக்கணினிக்குள் வர்ச்சுவல் மிஷின் ஒன்றை உண்டாக்கி அதற்குள் வைத்தால் போதும். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக, செத்த பெட்டி எழுந்து உட்காரும். சொல்லச் சுலபம்தான். முதல் இரண்டு நாள் துண்டுகள் பாதியில் அறுந்து அறுந்து வந்தன. கீழே வெல்டிங் பிடித்தால் மேலே நெட் சாகிறது என்று கண்டுபிடிக்கவே ஒருநாள் ஆனது. அதற்குப் பிறகு பட்டறைக்காரர்கள் சோற்றுக்கு உட்காரும் நேரமாகப் பார்த்து இறக்கினார்கள்.

இப்போது எல்லாம் வந்துவிட்டது. ஆனால் எல்லாமும் வரவில்லை.

“ஏழாவது வரைக்கும் ஒட்டுது,” என்றாள் தனப்பிரியா. “எட்டைத் தேடுது, காணோம். அதோட நின்னுக்குது. மிஷினை எழுப்புனா கருப்புத் திரை. செத்த மாடு மாதிரி கெடக்குது.”

“எட்டு இறங்கலியா?”

“இறங்கறதுக்கு அங்க இருந்தாத்தானுங்ணா? நெட்டுலயே இல்ல. எட்டு இல்ல, பதினேழு இல்ல, இருவத்தாறு இல்ல. முப்பத்தொண்ணு வரைக்கும் மீதியெல்லாம் இருக்குது. நடுவுல மூணு பல்லை மட்டும் புடுங்கியிருக்குது.”

அகல்யா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “மொதலாளிதானுங்க அழிச்சிருப்பாரு. நெட்டுல அந்த எடம் ஆபீஸ் பேர்லதான் வாங்குனது. கடவுச்சொல்லு அவருகிட்டயும் இருக்குது.”

“அவருக்கு என்னம்மா லாபம்?”

“என்ற ஊட்டுக்காரரு மாட்டுனா அவரோட நிக்கும். வேற வண்டின்னா மொதலாளியோட வண்டில எதுன்னு தேடுவாங்கல்ல?” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “எங்கண்ணன் ஆதாரம் இல்லாம எதையும் எடுத்து வெக்கமாட்டானுங்க. எல்லாம் அதுலதான் இருக்குது. அதைத் தொறந்தா அவரு எந்திரிச்சு உக்காந்துருவாரு.”

“உங்க ஊட்டுக்காரரு இதைப் பத்தி என்ன சொல்றாரு?”

“விடு விடுங்கறாரு. மனசு ஒடஞ்சு போச்சுங்க அவருக்கு.”

சென்னிமலை தலையாட்டினார். அவர் நெஞ்சில் ஒரு கேள்வி இரண்டு நாளாக முள்மாதிரி கிடந்தது. ஐப்பசியில் விபத்து. மாசியில்தான் ஜெகதீஸ்வரன் செத்தான். இடையில் அத்தனை நாள் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கை புருஷன் கோர்ட்டுப் படி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவன் ஏன் அதை எடுத்து நீட்டவில்லை? கேட்டால் அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? அவர் கேட்கவில்லை.

“நீ இங்கயே இரு சாமி,” என்றார். “நாங்க போய் உங்க மொதலாளியப் பாத்துட்டு வாரோம்.”

*

லாரி முதலாளி வீரபாகுவின் வண்டிகள் நிற்கும் பட்டி ஊர் எல்லையில் இருந்தது. லோடு இல்லாத வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. அவர் வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டயரைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. ஆனால் முகம் மட்டும் சமீபத்தில் இளைத்திருந்தது.

“வாங்க,” என்றார். “நீங்க வருவீங்கன்னு தெரியும். அந்தப் புள்ள என்னையத்தான் சொல்லியிருக்கும்.”

“சொல்லிருச்சுங்க,” என்றாள் தனப்பிரியா. “உங்களப் பாத்தா பல்லுப் புடுங்கற டாக்டராட்டம் தெரியிலீங்களே.”

“என்ன அம்மிணி?”

சென்னிமலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மூன்று துண்டு இல்லை. நெட்டில் இருந்ததை யாரோ எடுத்திருக்க வேண்டும். அகல்யாவைத் தவிரக் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் செத்துவிட்டான்.

வீரபாகு டயரைக் கீழே சாய்த்தார். “நான் ஒண்ணையும் அழிக்கலீங்க. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல பொத்தான் எங்க இருக்குன்னே தெரியாது. குலதெய்வத்து மேல சத்தியம்.”

“சத்தியத்தை டவுன்லோடு பண்ணிப் பாக்க முடியாதுங்களே மொதலாளி.”

“அம்மிணி,” என்று சென்னிமலை அடக்கினார்.

தனப்பிரியா அடங்குகிறவள் இல்லை. நிற்கிற வண்டிகளைப் பார்த்தபடி நடந்தாள். ஒவ்வொரு வண்டியின் கதவிலும் மஞ்சள் பெயிண்டில் பட்டி நம்பர் போட்டிருந்தது. வரிசையின் ஒரு முனைக்குப் போய் எண்ணிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

“ஏனுங் மொதலாளி, இங்க ஏழு நிக்குது, அதை ஒட்டி ஒம்பது நிக்குது. எட்டாவது வண்டியையும் யாராச்சும் நெட்டுல இருந்து அழிச்சுட்டாங்களா?”

வீரபாகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எட்டா? சனியனை யாரு கதவுல எழுதுவாங்க? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கூட்டுத்தொகை எட்டு வாராத நம்பருக்குத் தவங்கெடந்து வாங்கற ஆளுக நாங்க. என்ற பட்டியில கூட்டுனா எட்டு வாரது எதுவுமே கெடையாது. வண்டிக்கும் கெடையாது, ட்ரிப் சீட்டுக்கும் கெடையாது. செகதீசன்தான் கம்ப்யூட்டர்ல அதுக்குன்னே எழுதி வெச்சுக் குடுத்தான். எந்த நம்பர் போட்டாலும் அதுவாத் தாண்டிப் போயிரும்.”

தனப்பிரியா திரும்பிச் சென்னிமலையைப் பார்த்தாள். சென்னிமலை வண்டி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு நின்றது. அதை ஒட்டிப் பதினெட்டு நின்றது.

“ஒண்ணும் ஏழும் எட்டு,” என்றார் மெல்ல.

“ரெண்டும் ஆறும் எட்டு,” என்றாள் அவள். “அட கெரகமே! துண்டு வெட்டுனதும் அதே நம்பர் போடற புரோகிராம்தான். அவன் எழுதுனதையே அவன் எடுத்துப் போட்டிருக்கான். எட்டாம் துண்டை யாரும் திருடலீங்ணா. எட்டாம் துண்டுன்னு ஒண்ணு பொறக்கவே இல்ல! ஒம்பதுன்னு பேரு வெச்சிருக்கறதுதான் எட்டு. நான் ஒரு வாரமா இல்லாத திருடனுக்கு வலை வீசிக்கிட்டு இருந்துருக்கேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். லாரி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். அப்பன் காலத்திலிருந்து எட்டைப் பார்த்தால் துப்பிவிட்டுப் போகிற ஜனம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பயம் கிடையாது என்று நினைத்ததுதான் தப்பு.

வேலை முடிந்தது என்று அவள் வண்டியை நோக்கி நடந்தாள். சென்னிமலை நகரவில்லை. வீரபாகு கட்டிலில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வைக்குத் துடைத்த மாதிரி தெரியவில்லை.

“அப்ப அது தொறந்துருமுங்களா?” என்று கேட்டார்.

“தொறந்துரும்.”

“தொறக்காம இருக்கோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க.” குரல் தாழ்ந்தது. “ஒரு உண்மையச் சொல்றேன். அழிச்சுருன்னு செகதீசன்கிட்ட நான் கேட்டேன். ஒருக்கா இல்ல, பல தடவ கேட்டேன். அவன் அழிக்கவும் மாட்டேன், காட்டவும் மாட்டேன்னுட்டான். கடசி மாசமெல்லாம் என்ற மூஞ்சியவே பாக்கல அவன்.”

சென்னிமலை நெஞ்சில் கிடந்த முள் அந்த இடத்தில் வெளியே வந்தது. வந்த பிறகு வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

*

திரும்பக் கிளம்பினார்கள். தனப்பிரியாதான் பேசிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திடீரென்று கேட்டாள்.

“அண்ணா, அவரு எதுக்குங்க அழிக்கச் சொல்லோணும்?”

“நீயே யோசி.”

யோசித்தாள். பட்டறை வாசலில் இறங்கியதும் அவள் படி ஏற அவசரப்படவில்லை.

அகல்யா அதே நாற்காலியில் அதே மாதிரி இருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். “கெடைச்சுதுங்களா?”

“கெடைச்சுது. எல்லாத் துண்டும் நம்மகிட்டயே இருந்துருக்குது.” சென்னிமலை நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படிப்பட்ட வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் ஒரு லோடு சிமெண்டு மூட்டையை முதுகில் இறக்கிவிடலாம் என்று தோன்றியது. “சாமி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே இதைக் கோர்ட்டுல குடுத்துருக்கலாம். ஏன் குடுக்கல?”

அகல்யா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். ஒரு வாரமாக, ஏன், மாசியிலிருந்தே அந்தக் கேள்வியை அவள் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாள் என்று அவள் கண் சொன்னது.

“வேண்டாம்னா சொல்லு,” என்றார் அவர். “இப்படியே மூடிரலாம். எட்டாவது துண்டு கெடைக்கலன்னு சொல்லிக்கலாம். நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கமாட்டோம்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“தொறங்க,” என்றாள்.

தனப்பிரியா ஒன்பதுக்கு எட்டு என்று பேர் மாற்றினாள். பத்துக்கு ஒன்பது. அப்படியே இறுதிவரை. ஒட்டினாள். மொத்தக் கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்ணை ஜெகதீஸ்வரன் துண்டுகள் இருந்த நெட் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒட்டியதன் எண்ணும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. வர்ச்சுவல் மிஷினுக்குள் வைத்து எழுப்பினாள். கருப்புத் திரை. கொஞ்ச நேரம் கருப்பாகவே இருந்தது. பிறகு நீலமாக வெளுத்து, பழைய காலத்துப் பாட்டொலி ஒன்று எழும்பியது.

செத்தவனின் கம்ப்யூட்டர் மடிக்கணினிக்குள் கண் விழித்தது. திரை முழுக்க ஒரு கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக அகல்யா, பக்கத்தில் சரவணக்குமார், இரண்டு பேர் தோளிலும் கைபோட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஜெகதீஸ்வரன்.

அகல்யா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நம்ம வண்டி” என்று அவன் பேர் வைத்திருந்த புரோகிராமைத் தனப்பிரியா திறந்தாள். சரவணக்குமார் ஓட்டிய வண்டி பதினாலு, அந்த ஐப்பசி நாள். வரைபடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வண்டி ஓடினால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். நின்றால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அகல்யாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அண்ணன் இதைத்தான் அவளுக்குக் காட்டுவான். உன்ற மாப்ள திருச்செங்கோடு தாண்டீட்டாரு, உலை வெய்யி புள்ள என்பான்.

புள்ளிகள் நாமக்கல்லை விட்டுக் கிளம்பின. சுங்கச்சாவடி வருவதற்கு முன்னால் பெரிய ரோட்டை விட்டு இறங்கின. ஆட்டையாம்பட்டிப் பாதையில் ஏறின. ஒரு வளைவு தாண்டி ஈ மொய்த்தாற்போலக் குவிந்தன.

அகல்யா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“இங்கதான்,” என்றாள் அகல்யா. குரல் எங்கிருந்தோ வந்தது. “அந்தம்மா கெடந்த எடம் இதுதான்.”

தனப்பிரியா மூடப் போனாள். அகல்யா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். புள்ளிகள் இன்னும் முடியவில்லை. குவியலை விட்டுக் கிளம்பி வடக்கே கொஞ்சதூரம் ஓடின. அங்கே முன்னும் பின்னுமாகத் தடுமாறித் திரும்பின. வந்த வழியே வந்து அதே வளைவில், அதே இடத்தில் மறுபடி குவிந்தன. அதற்குப் பிறகுதான் சேலத்தைப் பார்த்துப் போயின.

“லோடு வண்டிங்க,” என்றாள் அகல்யா. “அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் வாய்க்கால். திருப்பறதுக்கு எடமே இல்ல. எப்படித் திருப்புனாரோ.”

அவள் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்து, புருஷனைக் கூப்பிட்டாள். சென்னிமலை எழுந்து வெளியே போகப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். தனியாகக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

“சொல்லு புள்ள,” என்றது அந்தப் பக்கம். தூங்கி எழுந்த குரல் இல்லை. வெகுநாளாகத் தூங்காத குரல்.

“மாமா, தொறந்துருச்சு.”

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“எதுக்கு மாமா திரும்பி வந்தீங்க?”

அவன் மெல்ல ஆரம்பித்தான். “மொதல்ல எறங்கிப் பாத்தப்ப அந்தம்மா தண்ணி கேட்டுது. பாட்டல்ல இருந்ததைக் குடுத்தேன். தூக்கி வண்டியில போட்டுக்கலாம்னு குனிஞ்சேன். அப்ப பக்கத்து ஊட்டுல லைட்டுப் போட்டாங்க. டிரைவர்னா அங்கயே அடிச்சுக் கொன்னுருவாங்க புள்ள. நான் பாத்துருக்கேன். பயந்து ஏறீட்டேன். ஓட்டவே முடியல. ஆனது ஆகட்டும்னு திருப்பீட்டு வந்தேன். வந்தப்ப மூச்சு இல்ல. லைட்டுப் போட்டவங்க ஒருத்தரும் எறங்கி வரல. யாருமே வரல புள்ள.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“மச்சான் அன்னிக்கே பாத்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எப்பவும்போலத்தான் ஊட்டுக்கு வந்தாரு, எம்பக்கத்துல உக்காந்து சோறு தின்னாரு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கடசி வரைக்கும் கேக்கல.”

தனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அகல்யா அழுவாள் என்று சென்னிமலை எதிர்பார்த்தார். அவள் திரையில் குவிந்து கிடந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குவியலில் விரலை வைத்தாள்.

“தண்ணியக் குடிச்சாங்களா மாமா?”

“ரெண்டு மடக்குக் குடிச்சுது.”

“சரி. சட்டையப் போட்டுட்டு வாசல்ல நில்லுங்க, வாரேன். வக்கீலு, கோர்ட்டு எல்லாம் அப்பறம். மொதல்ல ஆட்டையாம்பட்டி போகோணும், அந்தம்மா ஊட்டுக்கு.”

“அடிப்பாங்க புள்ள.”

“அடிக்கட்டும். நானும் நிக்கறேன்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “ரெண்டு மடக்குத் தண்ணியாச்சும் குடிச்சுட்டுத்தான் செத்தாங்கன்னு அந்தம்மா புள்ளைங்களுக்கு யாரு மாமா சொல்லுவாங்க?”